முன்கூட்டி வந்த செவ்வாய்க்கிழமை

தலையாட்டுகிறவர்கள் ஆட்டலாம், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் வெப்பாலைமேட்டில் ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடியாத்தத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை இறங்கியது என்பதில் அந்த ஊரில் ரெண்டு பேச்சு கிடையாது. கண்டக்டரே சாட்சி. டிக்கெட் எடுக்கச் சொன்னபோது அந்த ஆள், "நான் வர்ற தை மாசத்துச் செவ்வாய்ங்க" என்றானாம். "அதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டு, எதற்கு வம்பு என்று முழு டிக்கெட்டாகவே கிழித்துக் கொடுத்திருக்கிறார் கண்டக்டர்.

பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தான். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் வாயை இறுக்கிக் கட்டின ஒரு மஞ்சப்பை. சட்டை மட்டும் பனியில் நனைந்திருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, அவன் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குத் தை மாதத்துக் காலை நின்றது. டீக்கடை நாய் எழுந்து போய் அந்தக் குளிருக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. "பச்சையம்மா வூடு எதுங்க?" என்று கேட்டான். கேட்டதுமே ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வெப்பாலைமேடு பட்டாளத்து ஊர். வீட்டுக்கு ஒரு கறுப்புத் தகரப் பெட்டி, பெட்டிமேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு உரியவன் எங்கோ மலையிலோ மணலிலோ. அப்படித்தான் அந்த ஊர் பிழைத்தது. ஆள் எடுப்பில் தேறிய பையன்கள் அந்த வாரமே கிளம்பிப் போய்விடுவார்கள், தாய்மார்களுக்கு அழக்கூட நேரமிருக்காது, பஸ் நிறுத்தத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் நடந்துகொண்டே அழுது முடித்துவிட்டுச் சாணி அள்ளப் போவார்கள். பச்சையம்மாவின் மகன் தணிகைக்கு மட்டும் வேறு மாதிரி ஆனது. ஓடினான், தாண்டினான், மார்பை விரித்துக் காட்டினான், தேறினான். பயிற்சி முகாமில் இப்போது படுக்க இடமில்லை, தை மாதம் இன்ன செவ்வாய்க்கிழமை வந்து சேர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுவதற்கு அவகாசம் கொடுத்தால் மனுஷி யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். பச்சையம்மாவின் புருஷன் கிணறு வெட்டப் போய் வெடிக்குப் பலியானவன். ரெண்டு பசுமாடும் இந்த ஒரு மகனும்தான் அவளுக்கு. அவன் சோறு தின்கிறபோது, துணி காயப்போடுகிறபோது, ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்குகிறபோது, அவள் பார்த்துக்கொண்டே யோசித்தாள்: அந்தச் செவ்வாய் வராமலே போனால்?

அப்படி யோசித்துக்கொண்டிருந்தவள் வாசலில்தான் செவ்வாயே வந்து நின்றான்.

"இன்னா தம்பி, இவ்ளோ முன்னாடி வந்துட்ட?"

"எடம் பாத்து வெச்சிக்கலாம்னுதாங்க்கா. பெரிய நாளு. அவசரத்துல வந்து வூடு மாறிட்டா, ஒங்க புள்ளைக்குப் பதிலா வேற எவனையாச்சும் கூட்டிகினு போய்டுவேன்."

"மாறினாத்தான் இன்னா?" என்று முனகிக்கொண்டே அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரை அவன் குடிக்கிறபோதே அவளுக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவன் வாசல் வழியாக எப்படி வருவான்? இவனை இங்கேயே பிடித்து வைத்துக்கொண்டால், தை மாதம் திங்களுக்குப் பிறகு புதன் வந்துவிட்டுப் போகட்டும். ஊருக்கு ஒரு செவ்வாய் குறைந்தால் என்ன நஷ்டம்?

விருந்தாளியைப் பிடித்து வைக்கத் தெரிந்த ஒரே வழி சோறு. களி கிண்டினாள், வேர்க்கடலைத் துவையல் அரைத்தாள், கருவாட்டுக் குழம்பை மணக்க மணக்கக் கொதிக்க வைத்தாள். இலையைப் பார்த்துவிட்டு அவன் கைகூப்பினான்.

"செவ்வாய்க்கெழம கவுச்சி தொட மாட்டேங்க்கா."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம தம்பி."

"ஒங்களுக்கு. எனக்கு எப்பவும் செவ்வாதான்."

சலூன்காரனும் அதையே சொன்னான். தாடி வழிக்கப் போய் நின்றவனை ஏற இறங்கப் பார்த்து, "செவ்வாக்கெழம கடை லீவு" என்று கத்தியை மடித்துவிட்டான். மறுநாள் போனாலும் லீவு, அதற்கு மறுநாள் போனாலும் லீவு. பாவம், தாடி மார்புவரை வளர்ந்து அதிலிருந்தும் பனி சொட்ட ஆரம்பித்தது.

ஊர் அவனைப் பங்கு போட்டுக்கொண்டது. மூட்டுவலிக்காரர்கள் மட்டும் எட்ட நின்றார்கள். மற்றபடி புழுக்கம் தாங்காதவர்களெல்லாம் பாயைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து படுத்தார்கள். அவன் மிதித்த வரப்பில் பட்டமே இல்லாமல் மொச்சை பூத்தது. காலையில் வெளிறி, மத்தியானம் பளபளத்து, பொழுது சாய்கிறபோது செக்கச் சிவந்துபோகிற அவன் முகத்தைப் பார்த்து டீக்கடைக்காரர் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார். ஓய்வு பெற்ற ஹவில்தார் முனிரத்தினம் முதல் நாளே மீசையை முறுக்கிக்கொண்டு வந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "எவ்ளோதான் இருந்தாலும் சர்க்கார் தேதி" என்றார். அந்தத் தைச் செவ்வாயன்று நடக்கப்போகிற அத்தனையும் அந்த மஞ்சப்பைக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், மழை வருமா, மாடு சினை பிடிக்குமா, பங்காளி செத்துத் தொலைவானா என்று கேட்டுப் பெரிய கூட்டமே கூடியது. "பிரிக்கக் கூடாதுங்க. காத்து பட்டா கெட்டுடும்" என்று பையை மடியில் வைத்து அணைத்துக்கொள்வான், தூங்குகிறபோதும் தலைக்கு வைத்துக்கொள்ள மாட்டான், மார்போடுதான்.

ஒரு நாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே பச்சையம்மா கேட்டாள்: "ஏந்தம்பி, அவன் திரும்பி வர்ற நாளுன்னு ஒண்ணு இருக்குமில்ல? அது யாரு? ஒனக்குத் தெரிஞ்ச ஆளா?"

அவன் பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான். "எங்காளுங்க ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்ததில்லக்கா. நான் எறங்கினாத்தான் அடுத்தவன் ஏற முடியும். எம் பையில அன்னிக்கி உள்ளதுதான் கீது. மத்தது மத்தவங்க பையில."

தணிகைக்குச் செவ்வாய்மேல் உயிர். இருவரும் காலையில் ஏரிக்கரையில் சேர்ந்து ஓடுவார்கள். முன்னால் தணிகை, பின்னால் தாடி பறக்க, பையைக் கட்டிப் பிடித்தபடி செவ்வாய். கிளம்புகிறபோது செவ்வாய், "வரேங்க்கா" என்பான். அவளும் வாய்ப் பழக்கத்தில், "போய்ட்டு வா தம்பி" என்பாள். மகன் சிரிப்பான். "யம்மா, ஏரிக்கரைக்குப் போறவனுக்கெல்லாம் அந்தச் சொல்ல எறைக்காதே. பஸ்ஸண்ட எனக்கு வேணும்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான், ஆனால் விஷயம் விளையாட்டு இல்லை. வெப்பாலைமேட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பட்டாளத்துக்குப் போகிறவன் பஸ் படிக்கட்டில் காலை வைக்கிறபோது, அவன் வீட்டு மனுஷி 'போய்ட்டு வா' என்று சொல்ல வேண்டும். சொன்னால் வந்துவிடுவான், தாமதமானாலும், கட்டை ஊன்றிக்கொண்டாவது, வந்துவிடுவான். வேறு யார் சொன்னாலும் பலிக்காது. முன்னொரு காலத்தில் எல்லம்மா என்கிறவள் ஆசைமிகுதியில் ஒரே பஸ்ஸுக்கு ரெண்டு தரம் சொல்லிவிட்டாள், லீவுக்கு அவள் புருஷன் ரெண்டு பேராக வந்து இறங்கினான். அதே மச்சம், அதே குறட்டை, சம்பளம் ஒன்று, வயிறு ரெண்டு. எந்தச் சட்டையை யார் போடுவது என்று தினமும் அடிதடி. லீவு முடிந்து இருவரும் பஸ் ஏறியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தன் பக்கம் திரும்பிச் சொன்னாள். சொல்லப்பட்டவன் வந்தான். மற்றவன் வரவே இல்லை. தாலி கட்டினவன் எவன் என்று எல்லம்மாவுக்குச் சாகிறவரை தெரியாது. அதற்கப்புறம் ஊர்ப் பெண்கள் மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள்: ஒரு வாய்க்கு, ஒரு பஸ்ஸுக்கு, ஒரு தரம்தான். அன்றிலிருந்து யார் முயன்றாலும் ரெண்டாம் தரம் அந்தச் சொல் வராது, இருமல்தான் வரும்.

தை பிறந்தது, பொங்கல் பொங்கியது. அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்களும் வந்தது. செவ்வாய் மட்டும் எழுந்து கிளம்பவில்லை. ஊருக்குக் கிழக்கே போய் நின்று விடிய வேண்டியவன், பச்சையம்மா வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கெளம்பலையா?" என்று தணிகை கேட்டான்.

"அக்கா எழுந்திருன்னு சொல்லாம நான் எப்டிடா எழுந்து போறது? தின்ன சோத்துக்கு மரியாத வேணாமா?"

அக்கா சொல்லவில்லை. இன்னொரு தட்டு பொங்கல் வைத்தாள்.

திங்கட்கிழமைப் பொழுது ஏரிக்கு மேற்கே பனைமர உயரத்துக்கு இறங்கி வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. மாலைப் பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தால் இன்னும் மாலையாகவே இருந்தது. மாடுகள் குழம்பிப்போய் மறுபடி மடி கனத்து நின்றன. விளக்கு வைக்கலாமா வேண்டாமா என்று பெண்கள் தீப்பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார்கள். கொக்குகள் கூட்டுக்கு வந்து, பொழுது போகாததைப் பார்த்து, திரும்பவும் வயலுக்குப் போயின. ஊரில் யாரும் பச்சையம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது அல்லவா. "கெடக்கட்டும் போ, இன்னும் ரெண்டு வாட்டி டீ குடிக்கலாம்" என்றார் டீக்கடைக்காரர். "ஒரு செவ்வா போனா இன்னா, எனக்கு லீவு மிச்சம்" என்றான் சலூன்காரன். தணிகை மட்டும் தன் பெயர் எழுதின பெட்டிமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒனக்கு எம் மேல ஆசை இல்லையாடா?" என்றாள் அவள்.

"ஆசை கீது. அதுக்காவ ஒரே சாயங்காலத்துல எத்தினி நாளு ஒக்காந்துகினு இருப்ப?"

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டது. அடுத்த வீடு முனிரத்தினத்தின் வீடு. அவர் மகள் சுலோச்சனா பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் புருஷனும் எல்லையில்தான். வலி எடுத்துப் போதுபோதென்று ஆகிவிட்டது, பிள்ளை திரும்பிவிட்டது, தலை தெரிகிறது, வெளியே மட்டும் வரவில்லை. மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்து, நின்றுபோன பொழுதை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். முனிரத்தினம் தன் வீட்டு முருங்கை மரத்தடியில் விறைப்பாக நின்றிருந்தார். பச்சையம்மா வீட்டுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பினால் கேட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"யம்மா..." என்று சுலோச்சனா அலறினாள். அந்த அலறல் அடங்கிய இடைவெளியில் இன்னொரு சத்தம் கேட்டது. சன்னமாக, துணிக்குள் பொதிந்த மாதிரி, ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை. பச்சையம்மா சுற்றிலும் பார்த்தாள். செவ்வாய் தலையைக் குனிந்துகொண்டான். அழுகை மஞ்சப்பைக்குள்ளிருந்து வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தாய், இந்தப் பக்கம் பிள்ளை, நடுவில் பொங்கல் கரண்டியோடு அவள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று சொல்ல நேரம்தான் நகரவில்லையே. கடைசியில் கரண்டியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் செவ்வாயின் தாடியிலிருந்த பனியைத் துடைத்துவிட்டாள்.

"எழுந்திரு தம்பி. நேரமாச்சு."

அவன் எழுந்தான். அவன் எழுந்ததும் ஏரிக்கு மேற்கே பொழுது பொத்தென்று விழுந்தது. இருட்டு ஒரு கொட்டாவி நேரம்தான் இருந்தது. அவன் கிழக்கே கொல்லையில் போய் நின்றதும் விடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண் குழந்தை பிறந்தது. முனிரத்தினம் முருங்கை மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

காலை பஸ்ஸுக்கு ஊரே வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், பயணம் ஆகாது என்று ஒருத்தர் ஆரம்பிக்க, பரிகாரத்துக்குப் பால் குடித்தால் போதும் என்று இன்னொருத்தர் முடித்தார். பச்சையம்மா விடியலில் கறந்த பாலைக் காய்ச்சி எடுத்து வந்திருந்தாள். தணிகை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மேலுதட்டில் நுரையோடு நின்றான். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டான். அவள் அந்த ஒரு சொல்லை நாக்குக்கு அடியில் கற்கண்டு மாதிரி அடக்கி வைத்திருந்தாள். வழியெல்லாம் யாரோடும் பேசவில்லை, அண்டை வீட்டுக்காரி நலம் கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினாள்.

பஸ் வந்தது. நாள்தானே முன்னால் போக வேண்டும், செவ்வாய்தான் முதலில் ஏறினான். படிக்கட்டில் ஏறி, மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பி, கண் கலங்க, இத்தனை மாதமாகத் தினமும் சொன்னதையே சொன்னான்:

"வரேங்க்கா."

"போய்ட்டு வா தம்பி" என்றாள் பச்சையம்மா.

சொன்ன பிறகுதான் ஊரே மூச்சை இழுத்துக்கொண்டது. தணிகை பெட்டியோடு ஒரு காலைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்பி, நுரை காயாத உதட்டோடு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. மறுபடி திறந்தாள், மறுபடி இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, அவள் இருமுகிறாள், இருமுகிறாள். அவனோ, அம்மாவுக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று தான் நம்புகிற மாதிரி, "உள்ள போம்மா, குளுருது" என்றான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

இதற்கு மேல் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி முடித்தான், வெள்ளைவெளேரென்ற மலைக்கு அனுப்பினார்கள், லீவு வருவதற்குள் அங்கே பனி சரிந்தது. மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள், இவனைக் காணவில்லை. செய்தியைச் சொல்ல வந்த முனிரத்தினம் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, வீட்டுக்குள் வராமல் நின்றார். அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

அடுத்த தை மாதம், காலை பஸ்ஸிலிருந்து செவ்வாய் இறங்கினான். தனியாக. பனியில் நனைந்த அதே சட்டை, அதே தாடி, அதே மஞ்சப்பை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்துவிட்டான். டீக்கடையில் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பச்சையம்மா வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே காத்து பட்டாலும் கெடாதுங்க்கா. எல்லாம் நடந்து முடிஞ்சதுதான்" என்று சொல்லிப் பை முடிச்சை அவிழ்த்தான்.

அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே அந்தக் காலை இருந்தது. சுலோச்சனாவின் பிள்ளை அழுதது, பஸ் உறுமியது. தலையில் பெட்டியோடு, உதட்டில் பால் நுரையோடு, ஒரு காலைப் படிக்கட்டில் வைத்தபடி தணிகை திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கெல்லாம் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்ந்து செவ்வாய் திரும்பிப் போகிற பஸ் வந்தபோது, அந்தச் சொல் நாக்குக்கு அடியில் ஊறி வந்து நின்றது. புது பஸ், ஒரு தரம் சொல்லலாம்.

"தம்பி, பைக்குள்ள அவனப் பாத்துச் சொன்னா, வருவானா?"

"தெரிலக்கா. வர்றது மத்தவங்க பையில. ஆனா அவனுக்குச் சொல்லிட்டா எனக்குச் சொல்ல முடியாது. நான் வர மாட்டேன். எம் பையும் வராது."

செவ்வாய் படிக்கட்டில் ஏறிப் பையின் வாயை அவள் பக்கம் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார். அவள் மகன் முகத்தைப் பார்த்தாள். செவ்வாயின் முகத்தைப் பார்த்தாள். மகன் முகத்தையே மறுபடி பார்த்தாள்.

"போய்ட்டு வா தம்பி" என்று செவ்வாய்க்குச் சொன்னாள்.

சுலோச்சனாவின் மகள் இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். பச்சையம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, பைக்குள் முகத்தைப் புதைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தையிலும் செவ்வாய் வருகிறான், ஊர் அவனுக்கு மொச்சைக் குழம்பு ஊற்றிச் சோறு போடுகிறது, ஒவ்வொரு தையிலும் இந்த முறை பிள்ளைக்குச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போகிறாள். இந்த வருஷமும் போனாள். இந்த வருஷமும் செவ்வாய்க்குத்தான் சொன்னாள். பைக்குள், படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி, அவன் இன்னும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.